காய்ப்புழுவுக்குப் பறவைத் தாங்கியா, முட்டை ஒட்டுண்ணியா?

இரண்டும் புழுவைக் குறைக்கும். கை கொடுக்கும் கட்டம்தான் வேறு.

முட்டை ஒட்டுண்ணியான டிரைக்கோகிரம்மா குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. காய்ப்புழுவின் தாயான அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். உள்ளே பொரிக்கும் குளவிப்புழு அதைத் தின்றே வளரும். சில நாளில் அந்த முட்டை கறுத்தால் வேலை நடந்துவிட்டது என்று அர்த்தம். காய்ப்புழு முட்டையை விட்டு வெளியே வந்தபின் ஒட்டுண்ணி அட்டை (குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய காகித அட்டை) கட்டிப் பயனில்லை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்துப்பூச்சி நடமாட்டம் தெரிந்ததுமே, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் கட்டுங்கள். எறும்பு ஏறினால் அட்டை காலி. பூச்சிக்கொல்லி அடித்தால் குளவியும் சாகும்.

கரிச்சானும் மைனாவும் வளர்ந்த புழுவைப் பிடிக்கும். பறக்கும் அந்துப்பூச்சியைப் பிடிப்பதில் கரிச்சான் கெட்டி. இவை வந்து உட்கார, பயிருக்கு மேல் ஓரிரு அடி உயரத்தில் ‘டி’ வடிவத் தாங்கி, ஏக்கருக்கு 10–20 போதும். தானியப் பயிரில் கதிர் பால் பிடிக்கும்போது பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் தானியம் தின்னும் பறவைகள் வந்து உட்காரும். கரிச்சான் தேனீயையும் விட்டுவைக்காது.

வயலைத் தினமும் பார்க்க முடிந்தால் குளவிக்கே என் ஓட்டு. முடியாதவர் தாங்கியை நடுங்கள்.