அமீரகப் பயணத்துக்கு ரோமிங் பேக், உள்ளூர் சிம், இ-சிம்: களியக்காவிளையிலிருந்து ஒரு மதிப்பீடு

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பகுதியில் வளைகுடாவில் ஒரு பிள்ளையாவது இல்லாத தெரு அரிது. விசிட் விசாவில் அவர்களைப் பார்க்கத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் பெற்றோர் முதலில் கேட்பது, அங்கே போனில் நெட்டுக்கு என்ன செய்வது என்பதுதான். நம் எண்ணிலேயே ரோமிங் பேக் போடலாம், அங்கே இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்கலாம், அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம்மும் எடுக்கலாம். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு, ஐக்கிய அரபு அமீரகத்துக்குச் சில வாரங்கள் போய்வரும் பெற்றோருக்கு நான் தயங்காமல் சொல்வது ரோமிங் பேக்கைத்தான்.

விலையை மட்டும் பார்த்தால் இது தவறான தேர்வாகத் தோன்றும். ஜியோ 2024 ஜனவரியில் அமீரகத்துக்கென அறிவித்த பேக்குகளில் 898 ரூபாய்க்கு 7 நாளும் 1 ஜி.பி. டேட்டாவும், 1598 ரூபாய்க்கு 14 நாளும் 3 ஜி.பி.யும், 2998 ரூபாய்க்கு 21 நாளும் 7 ஜி.பி.யும் கிடைத்தன. ஊரில் தினமும் ஒன்றரை, இரண்டு ஜி.பி. என்று பழகியவர்களுக்கு இந்த அளவு மிகக் குறைவாகவே படும். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், புறப்படும் வாரத்தில் அந்தந்த நிறுவனத்தின் செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஜி.பி. கணக்கைவிட முக்கியமானது, ஊரோடு பேச முடிகிறதா என்பது. அமீரகத்தின் உள்ளூர் நெட்வொர்க்குகளில் வாட்ஸ்அப் செய்தி போகும், படம் போகும். குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் இணைவதில்லை. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். அதற்கு ஊரில் இருப்பவரும் அதே செயலியை இறக்கி வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பச்சைப் பொத்தானை அழுத்தப் பழகவே ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒரு பாட்டிக்கு, தொலைவிலிருந்து இன்னொரு செயலியைக் கற்றுக்கொடுப்பது எளிதல்ல. மகன் வீட்டு வைஃபையும் அதே உள்ளூர் இணைப்புதான் என்பதால் அங்கும் இதே தடை உண்டு.

ரோமிங்கில் இந்தச் சிக்கல் பொதுவாக வருவதில்லை. நம் சிம் துபாய் டவரைப் பிடித்தாலும், அதன் டேட்டா நம் நிறுவனத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. சுற்றிவருவதால் வேகம் சற்றுக் குறையும். வரைபடம் திறக்க ஒரு நொடி கூடுதலாக ஆகும். அதற்கு ஈடாக வாட்ஸ்அப் அழைப்பு இணைகிறது, வங்கிச் செயலிகளும் ஊரில் இருப்பது போலவே நடந்துகொள்கின்றன. குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஒரு எம்.பி.கூடச் செலவாவதில்லை. ஆகவே சீரியலும் யூடியூபும் மகன் வீட்டு வைஃபையில், பேச்சு ரோமிங் டேட்டாவில் என்று பிரித்துக்கொண்டால் சிறிய பேக்கே தாராளம். தடையைத் தாண்ட, இணைப்பை வேறு நாட்டு வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். செயலியைப் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். குற்றம் செய்யவோ மறைக்கவோ அதைப் பயன்படுத்தியதாகக் கொள்ளப்பட்டால், அந்நாட்டுச் சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹமில் தொடங்குகிறது.

அடுத்தது ஓ.டி.பி. மார்த்தாண்டத்தில் எனக்கு ரீசார்ஜ் செய்துதரும் கடைக்காரர், வெளிநாடு போகும் எல்லாரிடமும் ஒன்றை மறக்காமல் சொல்வார்: "நெட்டு எங்கன வேணும்னாலும் வாங்கிக்கிடலாம், ஓ.டி.பி. நம்ம நம்பருக்குத்தான் வரும், கேட்டியளா." பென்ஷன் கணக்கும் கேஸ் சிலிண்டர் பதிவும் இந்திய எண்ணோடு கட்டப்பட்டிருக்கும்போது, அந்த எண் அங்கே உயிரோடு இருக்க வேண்டும். சர்வதேச ரோமிங் வசதியை ஊரிலேயே இயக்கிவிட்டுப் போனால் குறுஞ்செய்திகள் வந்து சேரும்.

ரோமிங் பேக்கில் எனக்குள்ள பெரிய குறை, அது செல்லும் கூட்டாளி நெட்வொர்க் எது என்பதை நிறுவனங்கள் கண்ணில் படும்படி சொல்லாததுதான். எல்லையோரத்தில் பாறசாலைப் பக்கம் நாலு அடி வைத்தாலே போன் தானாகக் கேரள டவருக்குத் தாவுவதையும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லாததையும் பார்த்துப் பழகிய நமக்கு, வெளிநாட்டில் போன் எந்த டவரைப் பிடிக்கிறது என்று கவனிக்கத் தோன்றாது. கூட்டாளி அல்லாத டவரைப் பிடித்தால் பேக் செல்லாது என்பதால், அங்கே கவனித்தே ஆக வேண்டும். தரையிறங்கியதும் விமானப் பயன்முறையை நீக்குவதற்கு முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்துவிட்டு, திரையின் மேல்மூலையில் எந்தப் பெயர் வருகிறது என்று பார்த்து, அது பேக்கில் உள்ள பெயர் இல்லையென்றால் அமைப்புகளில் தானியங்கித் தேர்வை நீக்கிச் சரியானதைத் தொட்டபின் டேட்டாவை இயக்குவதே பாதுகாப்பு.

இ-சிம் வசதியானதுதான், ஆனால் பெரியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். வெளிநாட்டு இ-சிம் விற்கும், உரிய அனுமதி இல்லாத ஏராலோ, ஹோலாஃப்ளை செயலிகளை 2024 ஜனவரியில் மத்திய அரசு இந்தியாவில் முடக்கச் செய்தது. இங்கே வெளிநாட்டுச் சிம் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். மகன் வாங்கி அனுப்பிய போன் வளைகுடாவில் விற்கப்பட்ட ஐபோன் 17 என்றால் மட்டும் வேறு வழியில்லை: அதில் சிம் செருகும் இடமே கிடையாது. இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்றும் வேலையைப் புறப்படுவதற்குச் சில நாள் முன்பே, நம் ஊர் சிக்னலிலேயே முடித்துவிட வேண்டும்.

வேலை தேடி விசிட் விசாவில் போகும் இளைஞர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. நேர்காணலுக்கு அழைப்பவர்கள் உள்ளூர் எண்ணைக் கேட்பார்கள். இரண்டு மூன்று மாதங்களுக்கு ரோமிங் பேக்கும் கட்டுப்படியாகாது. அவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கே ஒரு சிம் வாங்கி டேட்டாவுக்கு அதையே வைத்துக்கொண்டு, ஊர் சிம்மை இரண்டாம் துளையில் டேட்டாவை அணைத்து, ஓ.டி.பி.க்கு மட்டும் வைத்திருப்பதே சரி.