ஒரு கேள்விகூடக் கேட்காமல் முதுகில் கை வைத்த ‘ஆஸ்டியோபதி’ முகாம்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். கல்யாண மண்டபத்தில் ‘ஆஸ்டியோபதி இலவசப் பரிசோதனை, மூட்டுவலி, டிஸ்க் விலகல், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று நோட்டீஸ் வந்தால், வீட்டுப் பெரியவர்களை உடனே கூட்டிப்போகாதீர்கள். ஆஸ்டியோபதி என்றால் எலும்பு, மூட்டு, தசைகளைக் கையால் அழுத்தியும் திருப்பியும் செய்யும் சிகிச்சை. எங்கள் அம்மாவுக்கு அப்படி ஒரு முகாமில் விலா எலும்பு விரிசல் விட்டது. கட்டிய 15,000 ரூபாயும் திரும்ப வரவில்லை.

அம்மாவுக்கு வயது 64. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் குனிந்து குனிந்து பறித்தவர், இடுப்பு வலி பல வருஷமாகவே உண்டு. வீசிங்குக்காக ஸ்டீராய்டு மாத்திரையும் நீண்ட நாள் சாப்பிட்டிருக்கிறார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவது சாதாரணம். ஸ்டீராய்டும் சேர்ந்தால் இன்னும் வேகமாக மெலியும். அப்படிப்பட்ட உடம்பில் அழுத்துவதற்கு முன் முதலில் கேட்க வேண்டிய விஷயம் இதுதான். முகாமில் எழுதிக்கொண்டது பெயரும் போன் நம்பரும் மட்டும்.

வெள்ளைக் கோட்டு போட்டவர் அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்தார். “பாருங்க சார், இடது கால் அரை இஞ்ச் குட்டை. இடுப்பெலும்பு நகர்ந்திருக்கு” என்றார். இடுப்பில் ஓர் அழுத்து அழுத்திவிட்டு மறுபடி பிடித்துக் காட்டினார், இரண்டும் சமம். சுற்றி நின்றவர்கள் அசந்துபோனார்கள். படுத்திருப்பவரின் இடுப்பு லேசாகத் திரும்பியிருந்தாலே, இல்லை ஒரு காலை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இழுத்துப் பிடித்தாலே அந்த அரை இஞ்ச் வரும், போகும். இதைப் பிறகு எனக்குச் செய்தே காட்டியவர் அரசு மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட்.

அடுத்து பழைய எம்.ஆர்.ஐ. ஸ்கேனை விளக்கில் பிடித்துப் பார்த்து, “டிஸ்க் வெளியே வந்திருக்கு, விட்டா ஆறு மாசத்துல படுத்த படுக்கைதான்” என்றார். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது. வலியே இல்லாதவர்களுக்கும் வயதானால் ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் தெரிவது சகஜம். அதைக் கையால் உள்ளே தள்ளவும் முடியாது. பிதுங்கிய பகுதி பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்குவதும் உண்டு. ஆனால் ‘படுத்த படுக்கை’ என்று கேட்டபிறகு அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் பேரம் பேசுவார்கள்? பேக்கேஜுக்குப் பணம் கட்டியாயிற்று.

முதல் சில தடவை அழுத்தும்போது சடக் சடக்கென்று சத்தம் வந்தது. “எலும்பு இடத்துல உக்காருது” என்றார்கள். விரலில் சொடக்கு எடுக்கும்போது வருகிற அதே சத்தம்தான். மூட்டுக்குள் உள்ள திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது. அப்புறம் ஒருநாள் முழு எடையையும் முதுகில் போட்டு அழுத்தியபோது வந்தது வேறு சத்தம், சோளத்தட்டை முறிகிற மாதிரி. அம்மா அலறினார். “சாதாரணம்தான்மா, கெட்ட வாயு வெளியே போகுது” என்று பெல்ட் ஒன்றை இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். அதற்குத் தனியாக 1,200 ரூபாய்.

ராத்திரி முழுக்க, “மூச்சு இழுத்தா குத்துதுடா” என்று அம்மா உட்கார்ந்தே இருந்தார். காலையில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தது. பெல்ட்டை முதலில் கழற்றச் சொன்னார் டாக்டர். நெஞ்சை இறுக்கிக் கட்டினால் ஆழமாக மூச்சுவிட முடியாமல் சளி தேங்கி நிமோனியா வரலாமாம்.

கையால் செய்யும் சிகிச்சையே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படித்தவர்கள் முழு மருத்துவர்கள். பிரிட்டனில் 1993 சட்டப்படி பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2023-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் உடற்பயிற்சியோடு முதுகெலும்புக்குக் கையால் செய்யும் சிகிச்சைக்கும் ஓர் இடம் உண்டு. நம் முகாம்காரரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, “பத்து வருஷ அனுபவம் சார்” என்பதுதான் பதில். பதிவு எண் கேட்டதற்கு அதுவும் இல்லை.

அரசு மருத்துவமனையில் அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாவைத் தொடுவதற்கு முன் ஏகப்பட்ட கேள்வி கேட்டார். கீழே விழுந்தீர்களா, எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா, என்ன மாத்திரை, காலில் மரத்துப்போகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். முதுகு வலியோடு சிறுநீர் அடைத்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதம் தூக்க வராவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கழுத்தைச் சட்டென்று திருப்ப யாரையும் விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு, அரிதுதான் என்றாலும்.

அலைய முடியாதவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, இலவசமாக. 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அது தொடங்கியது. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

பணத்தைக் கேட்டபோது ரசீதைக் காட்டினார்கள். சிகிச்சை என்ற சொல்லே அதில் இல்லை, ‘ஆரோக்கியப் பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்றிருந்தது. நோட்டீஸ், ரசீது, எக்ஸ்ரே எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும் தனியாகப் புகார் கொடுத்தாயிற்று. அதே ஆட்கள் அடுத்து தர்மபுரியில் மண்டபம் பிடித்திருப்பதாகக் கேள்வி. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் நோட்டீஸையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் அழிக்க வேண்டாம்.