லேஸ் கட்டும் ஆங்கிள் பிரேஸ்: கால் அடிக்கடி பிசகுகிறவர்கள் வாங்கலாமா?

வாலிபால் ஆடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. எதிரணி அடிக்கும் பந்தைத் தடுக்கக் குதித்து பிளாக் போட்டுவிட்டு இறங்கும்போது நெட்டுக்கு அடியில் எதிரணிக்காரர் பாதத்தின் மேல் கால் பட்டால் போதும், பாதம் உள்பக்கமாக மடிந்து கணுக்கால் பிசகிவிடும். எனக்கு வலது காலில் இது திரும்பத் திரும்ப நடந்ததால்தான் கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் உறையான ஆங்கிள் பிரேஸில் லேஸ் கட்டும் வகையை வாங்கினேன். ஒரு சீசன் முழுக்கப் போட்டு ஆடியாயிற்று. வாங்கலாம் என்பதுதான் என் பதில், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் தோல் நிறத்தில் விற்கும் எலாஸ்டிக் உறை வேறு, இது வேறு. அந்த உறை வீக்கத்தைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். கால் மடங்கினால் அதுவும் கூடவே மடங்கும். இது கெட்டியான நைலான், முன்பக்கம் லேஸ், அதற்கு மேல் பாதத்தைக் குறுக்காகச் சுற்றிவந்து இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டுகிற பட்டைகள். பாதம் மேலும் கீழும் தாராளமாக அசைகிறது, பக்கவாட்டில் மட்டும் பிடித்து நிறுத்துகிறது. குதிக்கும் உயரம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சாக்ஸ் மேல்தான் போட வேண்டும். குதிகாலை நன்றாக உள்ளே தள்ளி, பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக மடக்கி வைத்துக்கொண்டு லேஸை இழுக்க வேண்டும், பாதம் தொங்கிக்கொண்டிருக்கும்போது கட்டினால் ஆட்டத்தின் நடுவில் தளர்ந்துவிடுகிறது. குறைகளும் உண்டு. மண் மைதானத் தூசி வெல்க்ரோவில் ஏறினால் பட்டை ஒட்டாது, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். வியர்வை அதிகம். ஒட்டினாற்போல் இருக்கும் ஷூவுக்குள் நுழையவே நுழையாது.

பலன் உண்டா என்றால், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பள்ளிக் கூடைப்பந்து ஆடும் 1,460 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. இந்த வகை பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் பிரேஸையும் மீறி அடிபட்டவர்களுக்குக் காயத்தின் கடுமை குறையவில்லை.

சரி, ஏன் திரும்பத் திரும்பப் பிசகுகிறது? கணுக்காலின் வெளிப்பக்கம் இருக்கும் லிகமென்ட்களில் (எலும்புகளை இணைக்கும் நார்கள்) முன்னால் இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் கிழியும். அதோடு கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்கிவிடுகிறது, பாதத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டிய தசை தாமதமாக வேலை செய்கிறது. வீக்கமும் வலியும் போன உடனே மைதானத்துக்கு ஓடுகிறோம், அந்த உணர்வு மட்டும் சரியாகாமலே இருக்கிறது. அதை பிரேஸ் சரிசெய்யாது, பயிற்சிதான் செய்யும். ஒற்றைக் காலில் நிற்பது, பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு, அப்புறம் தலையணை மேல். உடற்பயிற்சிக்கான ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் இழுப்பது. வலி போன பிறகும் இதை விடாமல் செய்யுங்கள்.

புதிதாகப் பிசகிய காலுக்கு பிரேஸை இறுக்கிக்கொண்டு ஆடவே ஆடாதீர்கள். வீங்கிய காலைச் சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் உருவிவிடவும் விடாதீர்கள். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறது என்றால் முதலில் எக்ஸ்ரே.

வாங்கும்போது ஆடுகிற ஷூவையும் சாக்ஸையும் கடைக்கே எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் ஷூ சைஸைக் கேட்கின்றன, சில கணுக்கால் சுற்றளவைக் கேட்கின்றன, அதனால் ஆன்லைனில் வாங்கினால் அளவு அட்டவணையைப் பார்த்துவிட்டு, மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் மட்டும் ஆர்டர் போடுங்கள்.