நெடுங்கேணி ஏன் திறக்கவில்லை: பைதனில் பக்ஸ்லாஷோடு எட்டு வருடம்

வன்னியில் சில ஊர்க் கமக்காரரின் நெல் வரவுக் கணக்கை எட்டு வருடமாகப் பைதன் என்ற நிரல்மொழியில் பார்த்து வருகிறேன். பெரும்போகம், சிறுபோகம் இரண்டுக்கும் ஊருக்கொரு கோப்பு. எல்லாம் விண்டோஸ் கணினியில், டி டிரைவில், 'கமம்' என்ற கோப்புறைக்குள். பெயர்களெல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில்.

முதல் போகத்தில் பரந்தன் திறந்தது, மாங்குளம் திறந்தது, கிளிநொச்சியும் திறந்தது. நெடுங்கேணியும் தருமபுரமும் மாட்டேன் என்றன. தரவு பதியும் அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, தருமபுரத்தைச் சரியாச் சேமிச்சனீங்களோ?"

"ஓம் தம்பி, நேற்றே போட்டிட்டன். வந்து பாருங்கோ, கோப்பு கிடக்குது."

கிடந்தது. இரண்டு நாள் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு பாதையை, அதாவது டிரைவ், கோப்புறை, கோப்பு என்ற பெயர்களைப் பக்ஸ்லாஷ் (\ என்ற பின்சாய்கோடு) போட்டு இணைத்த முகவரியை, திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். 'கமம்' என்றதோடு வரி முறிந்து, அடுத்த வரியில் 'எடுங்கேணி' என்று நின்றது. தருமபுரத்தின் முதல் எழுத்தும் போய், ஓர் அகன்ற இடைவெளிக்கு அப்பால் 'ஹர்மபுரம்' கிடந்தது. இராமநாதபுரம் இன்னும் மோசம். கர்சர் வரியின் தொடக்கத்துக்கே திரும்பி டிரைவ் பெயரையும் கோப்புறையையும் அழித்து எழுதிவிட, 'அமநாதபுரம்' மட்டும் மிஞ்சியது. அன்றே அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

நிரலில் மேற்கோளுக்குள் எழுதும் சரத்துக்குள் (எழுத்துத் தொடருக்குள்) பக்ஸ்லாஷ் வந்தால், பைதன் அடுத்த எழுத்தையும் சேர்த்தே வாசிக்கும். 'என்' வந்தால் புதிய வரி, 'ரி' (t) வந்தால் ரப் என்ற அகன்ற இடைவெளி, 'ஆர்' வந்தால் வரித் தொடக்கம். அக்கராயனின் 'ஏ' மணியடிக்கும் குறி, விசுவமடுவின் 'வி' செங்குத்து ரப். 'பி', 'எம்', 'கே' எழுத்துகளுக்கு அப்படி ஒரு பொருளும் இல்லாததால் பரந்தனும் மாங்குளமும் கிளிநொச்சியும் தப்பின. அடுத்த போகம் உருத்திரபுரத்தைச் சேர்த்தபோது நிரல் ஓடவே மறுத்தது. 'யு' வந்தால் பின்னால் நான்கு பதினறும இலக்கங்கள் வேண்டும். அதே பாதையை விசைப்பலகையால் உள்ளிட்டாலோ கோப்பிலிருந்து வாசித்தாலோ இந்தக் கரைச்சல் இல்லை.

இந்த மோதலுக்கு விதை 1983 இல் விழுந்தது. விண்டோஸுக்கு முந்திய இயங்குதளமான எம்எஸ்-டொஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது, முன்சாய்கோடு (/) ஏற்கெனவே கட்டளைத் தெரிவுகளுக்குப் பயன்பட்டதால் பாதைக்குப் பின்சாய்கோடு போனது. சி என்ற நிரல்மொழியிலோ அது அதற்கு முன்பே விடுபடு குறி, அதாவது அடுத்த எழுத்தின் பொருளை மாற்றும் குறி.

முதல் வருடம் எல்லாவற்றையும் \\ என்று இரட்டித்தேன். கை தவறும், கண் வலிக்கும். பிறகு மேற்கோளுக்கு முன்னால் 'ஆர்' எழுத்தைப் போட்டு, பக்ஸ்லாஷை வெறும் எழுத்தாகவே எடுக்கும் மூலச் சரமாக்கினேன். எழுத்து வடிவங்களைத் தேடும் ரெகெக்ஸுக்கு இன்றுவரை அதுதான் என் வழி. அது இல்லாவிட்டால் ஒரேயொரு பக்ஸ்லாஷைத் தேட நான்கு போட வேண்டும். ஆனால் பாதைக்கு அது முழுத் தீர்வில்லை: மூலச் சரம் ஒற்றை பக்ஸ்லாஷில் முடிய முடியாது, கோப்புறைப் பெயருக்குப் பின் பக்ஸ்லாஷோடு நிறுத்தினால் பிழை. விண்டோஸில் பைதன் முன்சாய்கோட்டையும் ஏற்கும் என்பதால் கொஞ்சக் காலம் அதில் ஓடியது. இப்போது பாதைகளைக் கையாளும் பாத்லிப் என்ற நிரலகம் தவிர வேறெதையும் தொடுவதில்லை. பைதன் 3.4 இலிருந்து கூடவே வருகிறது, பாதையைத் துண்டுகளாகக் கொடுத்தால் தானே இணைத்துக்கொள்ளும்.

தரவைச் சேமிக்கும் ஜேசன் வடிவக் கோப்பில் இன்னொரு தொல்லை. 'வன்னி' என்ற சொல் ஐந்து யுனிகோட் குறிகள். பைதன் இயல்பாக ஒவ்வொன்றையும் பக்ஸ்லாஷ், 'யு', நான்கு இலக்கம் என்று ஆறு எழுத்தாக்கி, முப்பது எழுத்தில் எழுதி வைக்கும். தரவு கெடாது, ஆனால் கோப்பைத் திறந்து பார்க்கும் அக்காவுக்கு ஊர்ப்பெயர் தெரியாது. 'என்ஷூர் ஆஸ்கி' தெரிவைப் பொய் என்று கொடுத்தால் தமிழ் தமிழாகவே இருக்கும்.

2023 இல் வந்த பைதன் 3.12 க்கு மாறியபோது, பழைய நிரல் ஒன்று முதல் ஓட்டத்திலேயே பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும், பக்ஸ்லாஷுக்குப் பின் பொருளில்லாத எழுத்து வருகிறது என்று எச்சரிக்கை காட்டியது. இத்தனை வருடம் தற்செயலாகத்தான் அவை திறந்திருக்கின்றன. அன்று மாலையே மூன்றையும் பாத்லிப்புக்கு மாற்றினேன்.