பழைய டேப்பில் சார்ஜ் ஏறவில்லை: கேபிள், பின், பேட்டரி, எதில் காசு போடுவது?

வீட்டில் ஒரு பழைய டேப் (டேப்லெட்) இருக்கிறது, சார்ஜ் ஏறவில்லை. ஒரு கடையில் பின் (கேபிளைச் செருகும் வாய்) போய்விட்டது என்கிறார்கள், அடுத்த கடையில் பேட்டரி வீக் என்கிறார்கள், இன்னொரு கடையில் போர்டிலேயே கோளாறு, புதுசு வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். மூன்றும் உண்மையாக இருக்க வாய்ப்புண்டு, ஆனால் மூன்றுக்கும் ஆகும் செலவும் கிடைக்கும் பலனும் ஒன்றல்ல. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேபிளையும் அடாப்டரையும் அளந்து பார்க்காமல் டேப்பைக் கழற்றக் கூடாது. கழற்றியே ஆக வேண்டும், பின், பேட்டரி இரண்டின் மேலும் சந்தேகம் இருக்கிறது என்றால், பேட்டரிக்கு முன்னால் சார்ஜிங் பின்னுக்குத்தான் பணம் போடுவேன்.

கேபிளா, அடாப்டரா

முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். மலிவான மைக்ரோ யூஎஸ்பி கேபிள்களில் மின்சாரம் போகிற கம்பி பெரும்பாலும் 28 கேஜ், ரொம்ப மெல்லிசு. ஒரு மீட்டர் கேபிள் என்றால் போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர், மொத்தம் சுமார் 0.43 ஓம். அதன் வழியாக 2 ஆம்பியர் போனால் வழியிலேயே 0.85 வோல்ட் போய்விடும், அடாப்டர் ஒழுங்காக 5 வோல்ட் கொடுத்தாலும் டேப்பின் வாசலுக்கு வந்து சேர்வது 4.15 வோல்ட்தான். பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் செல் நிரம்ப வேண்டுமானால் 4.2 வோல்ட்டைத் தொட வேண்டும், அப்படியிருக்க இது எப்படி ஏறும்? உள்ளே இருக்கும் சார்ஜிங் ஐசி (சார்ஜைக் கட்டுப்படுத்தும் சில்லு) வோல்டேஜ் சரிவதைப் பார்த்துத் தானாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்கப் போட்டும் பாதிகூட ஏறவில்லை என்பதன் கதை பல வீடுகளில் இதுதான். அதே நீளத்தில் 24 கேஜ் கேபிள் (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன்) போட்டால் இழப்பு 0.34 வோல்ட்தான். இதே மெல்லிசுக் கேபிளில் பழைய ஃபோன் நன்றாகச் சார்ஜ் ஆகிறதே என்று கேட்பார்கள். ஃபோன் ஒரு ஆம்பியருக்குள் இழுக்கும், டேப் இரண்டு கேட்கும். அதனால் ஃபோனில் ஓடுகிறது என்பதை வைத்து கேபிளுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்க யூஎஸ்பி மீட்டர் என்ற சின்னப் பெட்டி போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சென்னை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பல கடைகளில் இருக்கும். அடாப்டருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று காட்டும். டேப்பில் சார்ஜ் பாதிக்குக் கீழே இருக்கும்போது, திரையை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு கேபிளில் 0.45 ஆம்பியர் என்று நிற்கும், அதே அடாப்டரில் தடித்த, நீளம் குறைந்த கேபிளை மாட்டினால் 1.6-க்குத் தாவும். அப்படித் தாவினால் வேலை முடிந்தது, கடைக்கே போக வேண்டாம்.

அடாப்டர் விஷயம் கொஞ்சம் வேறு. 2 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தால் 2 ஆம்பியர் ஏறிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பழைய டேப், செருகியவுடன் கேபிளுக்குள் தகவல் போகும் இரண்டு டேட்டா கம்பிகளையும் தொட்டுப் பார்த்து, எதிரில் இருப்பது யார் என்று தெரிந்துகொண்டுதான் எவ்வளவு இழுப்பது என்று முடிவு செய்யும். ஐபேடின் 10 வாட் அடாப்டர் ஒரு கம்பியில் 2.7 வோல்ட், இன்னொன்றில் 2.0 வோல்ட் வைத்திருக்கும். 30 பின் கேபிளோடு 2011, 2012-ல் வந்த கேலக்ஸி டேப்கள் எதிர்பார்ப்பது 1.2 வோல்ட் அளவில். பொதுத்தரப்படி செய்த அடாப்டர் இரண்டு கம்பியையும் உள்ளேயே சேர்த்து வைத்திருக்கும். அடையாளம் பிடிபடாவிட்டால் டேப் எதிரில் இருப்பதைக் கம்ப்யூட்டர் என்று எண்ணி அரை ஆம்பியரோடு நின்றுகொள்ளும். அந்தக் கால கேலக்ஸி டேப்பைக் கம்ப்யூட்டரில் செருகினால் பேட்டரி படத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி வருமே, அது கோளாறே அல்ல, திரை அணைந்ததும் மெல்ல ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஐபேடும் அப்படித்தான், 'சார்ஜ் ஆகவில்லை' என்று எழுதிக் காட்டும். ஆக, ஐபேட் அடாப்டரில் சாம்சங் டேப் நத்தை வேகத்தில் ஏறினால் இரண்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை. அந்த டேப்புக்கு அதனுடைய அடாப்டரோ, இரண்டு பாஷையும் தெரிந்த இன்றைய நல்ல அடாப்டரோ வேண்டும், அவ்வளவுதான். ஏசூஸ் டிரான்ஸ்ஃபார்மர் டிஎஃப்101 இன்னும் தனி ரகம், அதன் சார்ஜர் 15 வோல்ட், 1.2 ஆம்பியர். சாதாரண 5 வோல்ட்டில் அதை எழுப்பப் பார்த்துவிட்டு பேட்டரி போச்சு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

65 வாட் சார்ஜரைப் போட்டால் பழைய டேப் எரிந்துவிடுமா என்ற பயம் பலருக்கு உண்டு. யூஎஸ்பி சார்ஜர் என்றால் எரியாது. அது 5 வோல்ட்டில்தான் தொடங்கும், டேப் கேட்டால்தான் ஏற்றும், கேட்கத் தெரியாத டேப்புக்குக் கடைசிவரை 5 வோல்ட்தான். உண்மையில் பயப்பட வேண்டியது மெல்லிய உருண்டை டிசி பின் வைத்த பெயரில்லாத மலிவு டேப்களுக்கு. பெரும்பாலானவை 5 வோல்ட், சில 9, பெயருள்ள ஏசர் ஐகோனியா ஏ500 கூட அதே மாதிரி பின்னில் 12. அங்கே பேச்சுவார்த்தையே கிடையாது, பின் உள்ளே போகிறது என்பதற்காக ரௌட்டர் அடாப்டரை எடுத்து 5 வோல்ட் டேப்பில் செருகினால் அடுத்த நொடி போர்டு போய்விடலாம். டேப்பின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுச் செருகுங்கள். புதிதாக அடாப்டர் வாங்கினால் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், குழந்தைகள் தொடும் பொருள் இது.

டைப் சி வைத்த சில மலிவு டேப்களில் இன்னொரு விசித்திரம் உண்டு: இரண்டு பக்கமும் சி முனை உள்ள கேபிளில் அசையவே அசையாது, ஒரு பக்கம் பழைய செவ்வக முனை (யூஎஸ்பி ஏ) உள்ள கேபிளில் உடனே ஏறும். உள்ளே வைத்திருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைத் தயாரித்தவர் விட்டுவிட்டதால் வரும் வினை. கேபிளை மாற்றினால் போதும்.

பின்னைச் சுத்தம் செய்வதா, மாற்றுவதா

கேபிளை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் ஏறுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் பின்தான். ஆனால் உடனே மாற்றச் சொல்லாதீர்கள். டேப்பை அணைத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பை, தலையணை உறை, மெத்தை என்று எங்கெங்கோ கிடந்த பஞ்சு, செருகும் ஒவ்வொரு முறையும் உள்ளே அழுந்தி அழுந்திக் கெட்டித் தட்டாகப் படிந்திருக்கும். கேபிள் முழுசாக உள்ளே போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும், அதுதான் அடையாளம். மெல்லிய மரப் பல்குச்சியால் ஓரமாகச் சுரண்டி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம், நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு ஒடிந்தால் சுத்தம் செய்யப்போய் மாற்றும் செலவு வந்து சேரும்.

அப்புறம் கேபிளின் முனை. மைக்ரோ யூஎஸ்பி 10,000 முறை செருகித் தாங்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது, பிடித்து நிறுத்தும் கொக்கிகளைக் கேபிள் பக்கமாக வைத்தார்கள், தேய்ந்தால் கேபிள் தேயட்டும் என்று. எனவே லூஸாக இருக்கிறது என்றால் புதுக் கேபிளில் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புதுக் கேபிளிலும் ஆடினால், பின் போர்டோடு பற்றவைத்த இடத்தில் விட்டிருக்கிறது. சார்ஜில் போட்டபடியே மடியில் வைத்து வீடியோ பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது நடக்கும், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாற்றுவதில் இரண்டு வகை. பின் ஒரு சின்ன சப் போர்டில் இருந்தால் அதைக் கழற்றி வேறு போர்டை மாட்டிவிடலாம், பற்றவைப்பு வேலையே இல்லை. மெயின் போர்டிலேயே இருந்தால் ஹாட் ஏர் (சூடான காற்றால் பற்றவைப்பை உருக்கும் கருவி) பிடிக்கத் தெரிந்த கை வேண்டும், அவசரக் கை பட்டால் அடியில் உள்ள செம்புத் தடமே பெயர்ந்துவிடும். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான், சப் போர்டா, மெயின் போர்டா? சப் போர்டு என்றால் தாராளமாகச் செய்யுங்கள், பழைய டேப்பில் போடும் பணத்துக்கு இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை.

பலர் கவனிக்காத பக்க வாசலும் ஒன்று உண்டு. நெக்ஸஸ் 7-ன் 2012 மாடலில் பக்கவாட்டில் நான்கு உலோகப் புள்ளிகள், சாம்சங் டேப் ஏ 10.5-ன் 2018 மாடலிலும் அப்படிப் புள்ளிகள், டாக் என்ற தாங்கியில் வைத்துச் சார்ஜ் போடுவதற்காக வைத்தவை. பின் செத்தாலும் இந்த வழி திறந்திருக்கும். அதற்கான டாக் எங்காவது பழைய சாமான் விற்கும் இடத்தில் கிடைத்தால் டேப்பைக் கழற்றாமலே பிழைத்துக்கொள்ளலாம்.

பேட்டரியா என்று எப்படித் தெரியும்

சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது, ஆனால் 40-லிருந்து திடீரென்று 8-க்கு விழுகிறது, அல்லது 25-ல் இருக்கும்போதே அணைந்துவிடுகிறது என்றால் பேட்டரி. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த டேப் என்றால் பொறுமை வேண்டும். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஐசி முதலில் மிகக் குறைந்த ஆம்பியரில்தான் ஏற்றும், மீட்டரில் 0.1 போலக் காட்டும், திரையில் ஒன்றும் வராது. ஒரு மணி நேரமாவது பவர் பட்டனைத் தொடாமல் விடுங்கள். தொட்டால் லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ வரும், அணையும். வருகிற கொஞ்சம் மின்சாரத்தையும் திரை தின்றுவிடுவதால் அப்படி. வெளியிலிருந்து பெரிய சார்ஜரின் கம்பியை நேராகச் செல்லில் தொட்டு 'உயிர் கொடுக்கும்' வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். ரொம்ப ஆழமாக இறங்கிய லித்தியம் செல்லுக்குள் செம்பு கரைந்திருக்கும், அதை ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

நெக்ஸஸ் 7 வைத்திருப்பவர்கள் பேட்டரி வாங்கும் முன் பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றி, பேட்டரி கனெக்டரை ஒருமுறை எடுத்து அழுத்தி மாட்டிப் பாருங்கள். செத்துப்போனதாக ஒதுக்கிய டேப் அதிலேயே எழுந்துகொள்வது உண்டு.

புது பேட்டரி வாங்கும்போது 'ஒரிஜினல்' என்ற பேச்சைவிட தயாரித்த தேதி முக்கியம். 2012-ல் வந்த டேப்புக்கு 2014-ல் செய்த பேட்டரி பெட்டி பிரிக்காமல் கிடைக்கலாம், ஆனால் லித்தியம் செல் சும்மா இருந்தாலும் கிழடாகும். பெயரில்லாத டேப்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பேட்டரி மேல் 357095 என்பது போல ஆறு இலக்க எண் இருக்கும், 3.5 மில்லிமீட்டர் தடிமன், 70 அகலம், 95 நீளம் என்று அர்த்தம். அந்த அளவில், பாதுகாப்பு போர்டு வைத்த 3.7 வோல்ட் செல் எதுவானாலும் பொருந்தும், வயர்களின் எண்ணிக்கையும் அவை நிற்கும் வரிசையும் ஒத்துப்போக வேண்டும். பழையதைக் கழற்றும்போது கத்தரியால் சிவப்பு, கறுப்பு இரண்டையும் ஒன்றாக வெட்டாதீர்கள், கத்தரியே ஷார்ட் போட்டுவிடும். ஒன்றை வெட்டி, இன்சுலேஷன் டேப் ஒட்டி மூடிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

உப்பிய பேட்டரி என்றால் மேலே சொன்ன எந்த ஒப்பீடும் வேண்டாம். திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மேஜையில் வைத்தால் ஆடுகிறது என்றால் அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது, மின்கழிவு எடுப்பவரிடம்தான் போக வேண்டும்.

மற்ற குறுக்கு வழிகள்

காந்த முனைக் கேபிளும் முதுகில் ஒட்டும் ஒயர்லெஸ் பட்டையும் பின் தேயாமல் காப்பவை, செத்த பின்னுக்கு மருந்தல்ல, இரண்டுமே அதே பின்னில்தான் செருக வேண்டும். ஒயர்லெஸ் பட்டை அதிகபட்சம் ஒரு ஆம்பியர் போலத்தான் தரும், அலுமினிய முதுகுள்ள ஐபேடில் வேலையே செய்யாது. இரண்டில் ஒன்று என்றால் நான் காந்த முனையையே எடுப்பேன்.

பேட்டரியே இல்லாமல் நேரடி மின்சாரத்தில் ஓட்டுவது சுவரில் மாட்டி கடிகாரமாகவோ கேமரா திரையாகவோ வைப்பவர்களுக்கு நல்ல வழி, எனக்குப் பிடித்ததும் இதுதான். 24 மணி நேரமும் 100 சதவீதத்தில் நிற்கும் பேட்டரி உப்பக்கூடும், செல்லே இல்லையென்றால் அந்தக் கவலை இல்லை. பக் கன்வெர்ட்டரில் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் சின்ன போர்டு) 4.0 வோல்ட் வைத்து பேட்டரி முனைகளில் கொடுக்க வேண்டும், 2 ஆம்பியருக்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும், பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட்டோ அதற்கு மேலோ ஒரு கெப்பாசிட்டர், இல்லாவிட்டால் வைஃபை ஆன் ஆகும் நொடியில் அணைந்துவிடும். மூன்று, நான்கு வயர் உள்ள டேப்களில் வெப்பத்தைப் பார்க்கும் வயரும் திருப்தியடைய வேண்டும், அதனால் பழைய பேட்டரியின் சின்ன போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். கரண்ட் போனால் டேப்பும் உடனே போகும். கையில் வைத்துப் படிக்கும் டேப்புக்கு இது சரிப்படாது. செல்லைப் பிரிக்கத் துணிவில்லாதவர்கள் டைமர் பிளக்கில் போட்டு ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் சார்ஜ் கொடுக்கலாம். பேட்டரி பாதுகாப்பு அமைப்பு உள்ள சாம்சங் டேப் என்றால் அதை ஆன் செய்துவிடுங்கள், மாடலைப் பொறுத்து 80 அல்லது 85 சதவீதம் போல நின்றுகொள்ளும்.

கேபிள், அடாப்டர், பின், பேட்டரி நான்கும் பார்த்தாகிவிட்டது, மீட்டரில் இன்னும் 0.00 என்றால் மிச்சம் பெரும்பாலும் பவர் ஐசி, போர்டில் மின்சாரத்தைப் பங்கிடும் சில்லு. இங்கே நான் நிறுத்திவிடச் சொல்வேன், ஒரே ஒரு விதிவிலக்கோடு: உள்ளே பிள்ளைகளின் படங்களோ வேறெங்கும் இல்லாத கோப்புகளோ இருந்தால். அப்போது டேப்பைப் பிழைக்க வைக்கச் சொல்லாமல், வெளியில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி ஒருமுறை மட்டும் ஆன் செய்து படங்களை எடுத்துத் தர முடியுமா என்று கடையில் கேளுங்கள். ஐசி மாற்றுவதைவிட மிகச் சின்ன வேலை அது.