சிக்கிம் போக ஏஜென்ட் தேடுகிறவர்கள் கவனிக்க: என் 46,500 ரூபாய் போச்சு

நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. இன்னொருவர் அதே ஆளிடம் மாட்டக்கூடாது என்ற எரிச்சலில் எழுதுகிறேன்.

நான், மனைவி, மகள், எழுபது வயது அம்மா. காங்டாக், லாச்சுங், யும்தாங் பள்ளத்தாக்கு, நாதுலா கணவாய் என்று ஆறு இரவுத் திட்டம். பல ஏஜென்டுகளிடம் விலை வாங்கித் தரும் ஒரு தளத்தில் என் நம்பரைப் போட்டேன். அரை மணி நேரத்தில் ஐந்து அழைப்புகள். நான்கு பேர் எடுத்ததும் விலை பேசினார்கள். ஐந்தாவது ஆள் மட்டும், "எத்தனை பேர் சார், வயதானவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றேன். "அப்படியானால் மாதாஜிக்குத் தரைத்தளத்தில் அறை போடுகிறேன். நாதுலா பதினாலாயிரம் அடிக்கு மேல், மூச்சு வாங்கும். அவரை வழியிலுள்ள சோம்கோ ஏரியோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்றார். அங்கேதான் விழுந்தேன். பெற்ற பிள்ளை எனக்கே தோன்றாதது இந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறதே என்று நினைத்தேன்.

மொத்தம் 93,000. பாதி முன்பணமாக 46,500 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன். திரையில் கம்பெனி பெயர் வரவில்லை, ஒரு பெண்ணின் பெயர் வந்தது. "எங்கள் அக்கவுன்டன்ட் மேடம்தான்" என்றார். சரி என்று பின்னைப் போட்டுவிட்டேன்.

பாக்டோக்ரா விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். கடைசியில் வந்த டிரைவர் நல்ல மனிதர்; ஏஜென்ட் அவருக்கும் பழைய பாக்கி தர வேண்டுமாம். அவருடையது மேற்கு வங்க வண்டி. காங்டாக்கில் இறக்கிவிடலாம், நாதுலாவுக்கோ லாச்சுங்குக்கோ சிக்கிம் பதிவு வண்டிதான் போக முடியும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். டீஸ்டா ஆற்றை ஒட்டிய அந்தப் பாதையில் ஐந்து மணி நேரம். ஓட்டலில் எங்கள் பெயரே இல்லை. "விலை விசாரித்தார்கள், பணம் கட்டவில்லை" என்றார்கள். காலியாக இருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏஜென்டுக்குப் போன் செய்தால், "வடக்கே லாச்சுங் பக்கம் நிலச்சரிவு, போவதற்கான அரசு பெர்மிட் தரவில்லை" என்றார். 2023 அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தச் சாலை அடிக்கடி மூடப்படுவது உண்மைதான், அதனால் நம்பினேன். காங்டாக் கடைவீதியான எம்.ஜி. மார்க்கில் விசாரித்தால் அன்று காலைகூட லாச்சுங்குக்கு வண்டிகள் போயிருக்கின்றன. அதைச் சொன்னதும், "மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார்". மறுநாள், "ஏழு வேலை நாளில் ரீஃபண்ட்". அதற்கு மறுநாள், "முன்பணம் திரும்பாது என்று விதிமுறையில் இருக்கிறதே, படிக்கவில்லையா சார்?" அப்புறம் பிளாக்.

மனைவியின் போனிலிருந்து அழைத்தோம். புது வாடிக்கையாளர் என்று நினைத்து அதே கனிவான குரலில் கேட்டார்: "எத்தனை பேர் மேடம், வயதானவர்கள் யாராவது உண்டா?"

தளத்தைக் கேட்டால், "நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம், நீங்கள் பணத்தை வெளியே கட்டியிருக்கிறீர்கள்". வங்கியைக் கேட்டால், "நீங்களாகப் பின் போட்டு அனுப்பியது". 46,500 ரூபாய்க்கு இப்போது கையில் இருப்பது ஒரு புகார் எண்.

எப்படித் திட்டமிடலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. தனிநபர் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். கிளம்பும் முன் ஓட்டலுக்கு நீங்களே போன் செய்து அறை இருக்கிறதா என்று கேளுங்கள். நாதுலாவுக்குத் திங்கள், செவ்வாயில் விடமாட்டார்கள். எனக்குச் செவ்வாய் போட்டிருந்தார், நான் கவனிக்கவே இல்லை. பெர்மிட்டுக்கு ஆதார் மட்டும் போதும் என்று சொன்னால் நம்பாதீர்கள், வாக்காளர் அட்டையையும் போட்டோவையும் எடுத்துப் போங்கள். பணம் போனது தெரிந்ததும் அன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். நான் அந்த ரீஃபண்டை நம்பி மூன்று நாள் கழித்துத்தான் அழைத்தேன்.