ஒரு வண்டியைக் குறை சொல்லி இன்னொன்றைத் தலையில் கட்டுவார்கள்: பழைய பிக்கப் தேடும் மதுரைக்காரர்களுக்கு

மதுரை சுற்றுவட்டாரத்தில் பழைய பிக்கப் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மீட்டர் ரீடிங்கைக் குறைத்து விற்கிற பழைய வித்தையைப் பற்றி நான் எழுதவில்லை. அதை இப்போது எல்லாருமே உஷாராகப் பார்க்கிறார்கள். இது வேறு மாதிரி. விற்பவரே ஒரு வண்டியின் குட்டை நம் முன்னால் உடைத்துக் காட்டுவார். "அட, இவ்வளவு நேர்மையான ஆளா" என்று நாம் நினைக்கும்போது பக்கத்தில் நிற்கும் வண்டி நம் தலையில் ஏறிவிடும்.

நாங்கள் ஒரு செட்டு. விடுமுறை கிடைத்தால் கூடாரம், அடுப்பு, பாத்திரங்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சிறுமலை, தாண்டிக்குடி, மேகமலை என்று கிளம்பிவிடுவோம். தார் ரோடு முடிகிற வரை கார் போதும். அதற்கு அப்புறம் தோட்டத்து மண் பாதை, ஒரு மழை பெய்தாலே செம்மண் வழுக்கும். அதனால்தான் ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கும் வசதி) உள்ள டபுள் கேபின் பிக்கப் வேண்டும் என்று முடிவு செய்தோம். பழசில் அப்படிக் கிடைப்பது குறைவு. இசுசு வி-கிராஸ், டாடா ஜெனான், மஹிந்திரா ஸ்கார்ப்பியோ கெட்அவே என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பொலீரோ கேம்பர் தெருவுக்குத் தெரு நிற்கிறது, ஆனால் நான் பார்த்தவை எல்லாம் மஞ்சள் போர்டு, அதாவது வணிகப் பதிவு. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, அதற்கு மேல் வருஷா வருஷம். ஊர் சுற்றுவதற்கு அந்த அலைச்சல் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு கன்சல்டிங்கில் (பழைய வண்டிகளை விற்றுக் கொடுக்கும் கடை) இரண்டு வண்டி சேர்ந்தாற்போல் நின்றது. ஒன்று 2018 மாடல் வி-கிராஸ், தூத்துக்குடி பதிவு, டி.என். 69. இன்னொன்று 2012 மாடல் ஜெனான் எக்ஸ்.டி. இரண்டும் வெள்ளை போர்டு, இரண்டிலும் பின்னால் ஃபோர் பை ஃபோர் ஸ்டிக்கர். வி-கிராஸில் 2.5 லிட்டர் இன்ஜின், ஜெனானில் 2.2 லிட்டர் டைகார். இழுவை இரண்டுக்குமே 320 நியூட்டன் மீட்டர்தான், அதனால் மலையேற்றத்தில் பெரிய வித்தியாசம் வராது. ஜெனான் இன்ஜின் சஃபாரியில் வந்த குடும்பம், எந்தப் பட்டறையிலும் கை வைப்பார்கள். வி-கிராஸ் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் நீளம் 5.3 மீட்டர். ஜெய்ஹிந்த்புரத்துத் தெருவில் அதைத் திருப்புவதற்குள் நாலு பைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியும் என் கண் வி-கிராஸ் மேல்தான் இருந்தது. அதைக் கவனித்த கன்சல்டிங்காரர் கதவைத் திறந்து, டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். முதல் இரண்டடி சுத்தமாக இருந்தது. அடியில் சுருண்டு கிடந்த பகுதி வெளியே வந்தபோது, குறுக்கே காப்பிக்கறை மாதிரி ஒரு கோடு. விரலால் தேய்த்தால் மாவாக வண்டல் ஒட்டியது.

"தம்பி, உண்மையச் சொல்லிடுறேன். 2023 டிசம்பர் வெள்ளத்துல நின்ன வண்டி இது. உங்களுக்கு இதைக் கொடுத்துட்டு நான் நிம்மதியா தூங்க முடியாது."

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் பட்ட பாடு நமக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அவர் அதோடு நிறுத்தவில்லை. சீட்டுக்கு அடியில் துருப்பிடித்த போல்ட், ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த முனைகள், ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் வற்றிய வளையம் எல்லாவற்றையும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பாடம் எடுத்தார் என்றே சொல்லலாம். அவர் காட்டிய அடையாளங்கள் அத்தனையும் சரியானவை. தென்மாவட்டப் பதிவு வண்டி எதைப் பார்த்தாலும் இந்த நாலையும் பாருங்கள்.

அப்புறம் ஜெனான் பக்கம் வந்தார். "இது தோட்டத்துக்காரர் வண்டி. முதல் ஓனர். கண்ணை மூடிட்டு எடுக்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டு யாரும் எடுக்கவில்லை. பழக்கமான மெக்கானிக்கை அழைத்துப் போயிருந்தேன். ஆயில் மூடியைத் திறந்து புகை பார்த்தார், சேசிஸில் வெல்டிங் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார், மேலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். இன்ஜின் நன்றாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவையும் சோதித்தோம். டேஷ்போர்டில் இருந்த குமிழைத் திருப்பியதும் 4 ஹை (சாதாரண வேகத்தில் நாலு சக்கர இழுவை) விளக்கு எரிந்தது. 4 லோ (மெதுவான வேகத்தில் கூடுதல் இழுவை) போட்டதும் வண்டி உறுமிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. "பக்காவா வேலை செய்யுது பாருங்க" என்றார் கன்சல்டிங்காரர். அடியில் படுத்துப் பார்க்கலாம் என்று மெக்கானிக் குனிந்தபோது, "இப்பத்தான் அண்டர்கோட்டிங் அடிச்சிருக்கு, சட்டையெல்லாம் தார் ஆயிடும்" என்று தடுத்தார். 4,60,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

முதல் மழைக்கு நத்தம் பக்கம் நண்பரின் மாந்தோப்புக்குப் போனோம். கேட்டிலிருந்து மோட்டார் ரூம் வரை லேசான ஏற்றம், செம்மண். பாதி ஏறியதும் வண்டி நின்ற இடத்திலேயே சேறு வாரி இறைத்தது. 4 ஹை போட்டேன், விளக்கு எரிந்தது, வண்டி நகரவில்லை. 4 லோ போட்டேன், பின் டயர் இன்னும் ஆழமாகத் தோண்டியது. வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த நண்பன் கத்தினான்: "மாப்ள, முன் டயரு அசையவே இல்லடா!"

டிராக்டர் வைத்து இழுத்தார்கள். மறுநாள் பட்டறையில் குழி மேல் வண்டியை நிறுத்தி டார்ச் அடித்தால், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (இன்ஜின் விசையை முன்னும் பின்னும் பிரிக்கும் பெட்டி) முன் ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோக வேண்டிய தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டே இல்லை. உடைந்திருக்கவில்லை, தேய்ந்திருக்கவில்லை, கழற்றி எடுத்திருக்கிறார்கள். அது மாட்டியிருந்த ஃபிளேஞ்சில் போல்ட் ஓட்டைகள் மட்டும், அதன் மேலும் அந்தப் புது அண்டர்கோட்டிங் கறுப்பாகப் படிந்திருந்தது. அதாவது ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகுதான் அடித்திருக்கிறார்கள்.

விளக்கு எப்படி எரிந்தது என்று கேட்பீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கியர் மாறிவிட்டதா என்பதை மட்டும்தான் அந்த விளக்கு சொல்லும். முன் சக்கரத்துக்கு விசை போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. 4 லோவில் வேகம் குறைவதும் அதே பெட்டிக்குள் இருக்கும் கியரால்தான், ஷாஃப்ட் இல்லாவிட்டாலும் பின் சக்கரத்தில் அந்த மாற்றம் அப்படியே தெரியும். ஆகவே விளக்கையும் உறுமலையும் நம்பாதீர்கள். மண் தரையில் 4 ஹை போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். இந்த வகை வண்டியில் முன்னும் பின்னும் பூட்டிக்கொள்வதால் உதறும், இழுத்துப் பிடிக்கும். வழுவழுவென்று திரும்பினால் சந்தேகப்படுங்கள். சிமெண்ட் தரையிலும் தாரிலும் இதைத் தொடர்ந்து செய்யக் கூடாது, நல்ல வண்டியும் கெட்டுவிடும். அடியில் பார்க்க விடவில்லை என்றால் நேரே ஒரு வாட்டர் வாஷுக்கு ஓட்டிப் போய் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். அதற்கும் சம்மதிக்காத இடத்தில் நிற்கவே வேண்டாம்.

திரும்ப அந்த கன்சல்டிங்குக்குப் போனேன். வி-கிராஸ் அதே இடத்தில் நின்றது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்திருந்த அப்பாவுக்கும் மகனுக்கும் அதே சீட் பெல்ட்டை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இந்த முறை ஒரு கெட்அவே. அந்த வி-கிராஸை அவர் விற்கவே நினைத்திருக்கவில்லை என்பது என் கணிப்பு. அது கடையின் விளம்பரப் பலகை.

என்னைத் தனியாக அழைத்துப் போய் அவர் சொன்ன பதில்: "தம்பி, நான் வெறும் கைமாத்தி விடுறவன். ஓனர்கிட்ட கேளுங்க." காகிதப்படி அது சரிதான். ஓனரிடம் ஏற்கெனவே கையெழுத்து வாங்கி வைத்திருந்த, ஓனர் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் என் பெயரை எழுதி மாற்றியிருக்கிறார். எங்கேயும் அவர் பெயர் இல்லை. ஓனரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் பாவம், "ஷாஃப்ட் சத்தம் வருதுன்னு கழட்டி வச்சிருந்தேன், சொல்லித்தானேங்க கொடுத்தேன்" என்கிறார்.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். ஓனர் வண்டியை அவரிடம் விடும்போது படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து விற்று முடிகிற வரை வியாபாரிதான் ஓனராகக் கருதப்படுவார், பொறுப்பும் அவருடையது. "உங்க அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கண்ணே, 29சி போட்டிருக்கா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் சண்டைக்குப் போன அன்று கேட்டதற்கு, "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு" என்றார்.

போலீசில் கொடுத்தால் பேசி முடித்துக்கொள்ளச் சொல்வார்கள் என்று தோன்றியதால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டேன். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இணையம் வழியாகவே போடலாம். என்னிடம் வலுவாக இருப்பது இரண்டு: பணம் அவருடைய கணக்குக்கே போன வங்கிப் பதிவு, "ஃபோர் பை ஃபோர், முழு வொர்க்கிங்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இரண்டில் ஒன்று போயிருக்கும். கொசுறாக ஒன்று: "ஆஃப் ரோடு பம்பர் ஃப்ரீ" என்று அவர் பெருமையாகச் சொன்ன அந்த இரும்பு புல் பார், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொன்ன சமாச்சாரம். அதையும் நான்தான் கழற்றினேன்.

கடையின் பெயர் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள், வழக்கு ஓடுகிறது, எழுத முடியாது. அதற்குப் பதில் ஓர் உதவி வேண்டும். ஜெனான் 4x4 முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோவை உக்கடத்தில் கேட்டாகிவிட்டது, இல்லை. சென்னை புதுப்பேட்டையில் ஒருவர் சொல்கிற விலையும் அதைப் பொருத்துகிற கூலியும் சேர்ந்தால் அரை லட்சத்தைத் தொடும்போல் இருக்கிறது. யாரிடமாவது வளையாத ஷாஃப்ட், யு.ஜே. கிராஸோடு (ஷாஃப்ட் முனையில் வரும் இணைப்பு) இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இரண்டு முனையும் தெரிகிற மாதிரி எடுங்கள்.